அஸ்தி கரைக்கப் போன காலை மழை

தீவு முழுவதற்கும் மழை பார்த்துச் சொல்லும் வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். போனில் ராடார் படத்தைத் திறந்து பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக நகரும் மேகங்களைப் பார்ப்பதும், செங்காங் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிப்பதும் ஒரு காலத்தில் சந்தோஷமாக இருந்தன. அப்புறம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது தெரிந்துபோனது. துணி காயப்போடலாமா, விசேஷத்துக்குப் பட்டு கட்டலாமா, தேக்கா கடைவீதிக்கு நடந்து போகலாமா என்று விடிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். சலித்துவிட்டது, போங்கள்.

இந்த ஊர் மழை வேறு மானத்தை வாங்கும். செங்காங்கில் கொட்டித் தீர்க்கும் நேரத்தில் தீவின் இன்னொரு மூலையான மார்சிலிங்கில் வெயில் கொளுத்தும். நான் ஒன்று சொல்ல அங்கே ஒன்று நடக்கும். அதற்கும் என்னைத்தான் கேட்பார்கள்.

மார்சிலிங்கில் இருந்த என் அண்ணன் இறந்தபோதும் அதே கேள்விதான் வந்தது. அஸ்தியைக் கடலில் கரைக்கச் சாங்கிப் படகுத்துறையில் ஒரு படகு பேசியிருந்தோம். பெர்த்திலிருந்து வந்திருந்த அவருடைய ஒரே மகனுக்கு லீவு முடிந்துவிட்டது, அன்று மதியமே விமானம். காலையில் படகு போகவில்லை என்றால் மகன் கையால் கரைக்க முடியாமல் போய்விடும். அண்ணி விடியும் முன்பே கூப்பிட்டார்.

“தம்பி, போயிடலாம்ல?”

ராடாரில் மலாக்கா நீரிணைக்கு மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து அதிகாலையில் கிளம்பும் சூறை அது. ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கிழக்கே போய்விடும். குழுவில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பங்காளி யாராவது இன்னொரு நாள் கரைக்கட்டும் என்றுகூட ஒருவர் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாம போய்ச் சேர்றதுக்குள்ள தாண்டிடும் அண்ணி. என்னை நம்பி வாங்க.”

சிவப்புக் கோடு நான் சொன்னபடி தாண்டித்தான் போனது. அதன் பின்னால் வெளிர்பச்சையாக ஒரு வால் இருந்தது. தூறல்தானே என்று அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மின்னல் முழுக்க அந்த வாலில்தான் இருந்தது.

படகுக்காரச் சீனர் வானத்தைக் காட்டினார். “ரெயின் ஓகே. லைட்னிங் கேனாட் லா, அங்கிள்.” மின்னல் நிற்கும்வரை படகை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

படகுத்துறைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். மகன் மடியில் சிவப்புத் துணி கட்டிய கலயம்.

“சித்தப்பா, இன்னும் எவ்ளோ நேரம்? ஏர்போர்ட்டுக்கு லேட் ஆயிடும்.”

“இதோ, இப்ப விட்டுடும்டா.”

இதையே எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. ராடாரில் அந்தப் பச்சை நகர்வதாக இல்லை. “அந்தப் போனைத் தூக்கிக் கடல்ல போடுங்க மச்சான்” என்றார் என் தங்கை வீட்டுக்காரர். போட்டிருப்பேன், அத்தனை அசதி. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. பெரிய இவனாட்டம் நம்பி வாங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் கடலைப் பார்த்தபடியே பேசினார். “நீங்க மழை இல்லன்னு போட்டா உங்க அண்ணன் குடையைத் தொட மாட்டாரு, தெரியுமா? பாதி நாள் தொப்பலா நனைஞ்சு வருவாரு. நான் திட்டுவேன். ‘தம்பிகிட்ட மூச்சு விட்டுறாத, பாவம், அப்புறம் சொல்றதையே நிறுத்திடுவான்’னுட்டுத் தலையைத் துவட்டுவாரு.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

ஒருவழியாக மின்னல் நின்றது. மழை நிற்கவில்லை. படகுக்காரர் வந்து கை காட்டியதும் முதலில் எழுந்தது அண்ணிதான். தங்கை நீட்டிய குடையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஏறினார். நாங்களும் ஏறினோம்.

கரை மங்கும் தூரம் போனதும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். மகன் துணியை அவிழ்த்தான். நானும் கலயத்தைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாகச் சாய்த்தோம். சாம்பல் தண்ணீரில் படர்ந்தது. அதன்மேல் மழை சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தது.

“அண்ணே, இன்னைக்கும் உங்கள நனைய விட்டுட்டேன்” என்று சத்தமாகச் சொல்லி அழுதேன்.