தொண்ணூறு இருந்தால் போதும்

எனக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் உண்டு. ஒரு நாள் எனக்கு மூச்சு வாங்கியதும் என் மனைவி பயந்துபோய் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தாள். விரலில் மாட்டியிருந்த கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. நான் அசந்து தூங்குகிறேன் என்று அவள் நிம்மதியடைந்தாள். பிறகு எழுப்பியபோது நான் எழவில்லை.

மருத்துவமனையில்தான் கண் விழித்தேன்.

"அங்கிள், உங்க நுரையீரலுக்கு ஆக்சிஜன் கூடிட்டாலும் மயக்கம் வந்துடும். தொண்ணூறு இருந்தா போதும்," என்றார் தாதி.

மனைவி கட்டிலைவிட்டு எட்டி நின்றாள்.

"கிட்ட வா லா," என்றேன்.

"நான் தொட்டாலே உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க."

கையை நீட்டினேன். தயங்கித் தயங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் என் விரலில் இருந்த கருவியின் எண்ணைவிட்டு நகரவே இல்லை. இந்த நோயால் அவதிப்படுவது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.