குழி வெட்டாத தோட்டம்

வானத்தில் எஞ்சின் நின்றுபோனால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், பிரியமானவர்களே. அந்த அமைதியில்தான் நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன்.

1996, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். கோயம்புத்தூரில் சின்ன விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத வீடு. "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்கக் கேட்க, அம்மா என்னை அனுப்பிவைத்தார். அம்மாவுக்கு நான் ஒருத்திதான்.

பெட்ரோல் காட்டும் முள்ளை எங்கள் இடத்தில் யாரும் முழுசாக நம்பமாட்டார்கள். டாங்கைத் திறந்து குச்சியை விட்டு, எதுவரை நனைகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். அன்று காலையிலும் பார்த்தார்கள். அதன்பிறகு அதே விமானத்தை இன்னொரு மாணவர் ஓட்டிவிட்டு வந்தார். அதனால் நான் மறுபடி குச்சியை எடுத்தேன். பயிற்சி கொடுக்கும் செல்வராஜ் சார் சிரித்தார்.

"காலையிலயே பாத்தாச்சும்மா. முள்ளும் பாதியில நிக்குது. காத்து ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்தரலாம்."

குச்சியை வைத்துவிட்டு ஏறினேன். முள் பாதியில்தான் நின்றது. அது அங்கேயே சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? கிணத்துக்கடவைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. வேகம் இறங்கியது. சார் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் முன்னால் சுற்றும் விசிறியும் நின்றேபோனது. அப்போதும் முள் பாதியைத்தான் காட்டியது.

கீழே எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னந்தோப்பு. இறங்கக் கையகல இடமில்லை. சார் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அழகாக ஜெபிக்க வராது. அன்று கோபமாகத்தான் வந்தது.

"ஆண்டவரே, எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான்னு உமக்குத் தெரியாதா? ஒரு இடம் காட்டும்" என்று சத்தமாகவே கேட்டேன்.

தோப்புகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு துண்டு நிலம் தெரிந்தது. மரமே இல்லை. கை காட்டினேன். சார் விமானத்தைத் திருப்பினார். சக்கரம் குதித்துக் குதித்துப் புழுதியைக் கிளப்பி, வேலி ஓரமாகப் போய் நின்றது. சாருக்கு நெற்றியில் சின்னக் காயம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தோட்டக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஏனுங்க அம்மணி, அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்று பதறினார். பிறகு சக்கரம் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பழைய மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு, புதுத் தென்னங்கன்னு வெக்கறதுக்கு உழுது போட்டிருக்கறனுங்க. போன வாரமே தோட்டம் பூரா குழி வெட்டியிருக்கோணும். வாரேன் வாரேன்னு சொல்லிப்போட்டு ஆளுங்க வரவே இல்லீங்க. காலையிலகூட அவுங்களைத்தான் வாயார வஞ்சுட்டு இருந்தனுங்க."

தென்னங்குழி இடுப்பளவு ஆழம் இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் சக்கரம் இறங்கியிருந்தால் நான் இன்று உங்கள் முன் நின்றிருக்கமாட்டேன். நான் கேட்டது அந்த நிமிடத்தில். ஆண்டவரோ பதிலை அதற்கு முந்தின வாரமே ஆயத்தம் செய்துவிட்டார்.

இப்போதும் விமானம் ஓட்டுகிறேன். குச்சியை விட்டுப் பார்க்காமலும் ஏறுவதில்லை, ஜெபிக்காமலும் ஏறுவதில்லை. உங்கள் வீட்டிலும் வரவேண்டியது ஏதோ வராமல் நிற்கலாம். மனம் வெறுத்துப்போகாதீர்கள். கோபமாகவாவது அவரிடமே கேளுங்கள், அவர் கேட்பார்.

அன்று நடந்ததைச் சொன்னபோது அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு முழங்கால் போட்டு, குழி வெட்ட வராத அந்த ஆட்களுக்காக ஜெபித்தார். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இன்றுவரை எங்கள் வீட்டு ஜெபத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.