பழுத்தாலும் பச்சை

ஜனவரி கடைசி ஞாயிறு, காலை ஆறே முக்கால். எங்கள் மொட்டை மாடியில் பதினோரு செடிப் பை, பதினோரு ரகத் தக்காளி. கறுப்பு, வெள்ளை, கோடு போட்டது, சின்ன பல்பு மாதிரி மஞ்சள், சுருக்குப்பை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று... சாதாரணச் சிவப்பு மட்டும் கிடையாது. காரணம் இருக்கிறது.

தக்காளி இலையைத் தொட்டால் விரலில் ஒரு காட்டமான வாசம் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது. இன்று காலை அந்த வாசத்தோடு மாடியில் நின்றபோது நடந்தது, என்னைக் கணபதி ஏரியாவில் நாங்கள் முன்பு குடியிருந்த லைன் வீட்டுக்கும் தெருமுனைக் காய்கறிக் கடைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கடையில் ஈரச் சாக்கு வாசம் அடிக்கும். இரண்டு கூடை. ஒன்றில் நாட்டுத் தக்காளி, இன்னொன்றில் பெங்களூர்த் தக்காளி. ரசத்துக்கு நல்ல பழமாகப் பார்த்து அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்புவார். நான் கூடை முன்னால் நின்று முழிப்பேன். பழமும் காயும் எனக்கு ஒரே நிறம். எல்லோருக்கும் அப்படித்தான், அமுக்கிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அமுக்கினால் கடைக்கார அண்ணன் விடமாட்டார்.

"அமுக்காத சாமி. நீ அமுக்கிப் போட்டுப் போயிருவ, அப்பறம் அதைய ஆரு வாங்குவா?"

கை வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாது. வந்ததை அள்ளிக்கொண்டு போவேன். அம்மா பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்.

"ஏங் கண்ணு, பழம்னு சொல்லி உட்டா பாதி காயா அள்ளிட்டு வந்திருக்கற. ரோசனையெல்லாம் எங்க இருக்குது உனக்கு?"

ஏழாம் வகுப்போடு என்னைக் கடைக்கு அனுப்புவது நின்றது. தக்காளி என்றால் அக்கா போனாள். எனக்குக் கவனம் பத்தாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

டிப்ளமோ முடித்ததும் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். பாஸ். கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை நீட்டினார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் இருக்கிறதாம். எனக்குப் புள்ளிதான் இருந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சிக்னல் பார்க்கிற வேலை, அவர் செய்தது சரி. அதில் எனக்கு வருத்தம் இல்லை... இருந்தது, போய்விட்டது.

அம்மாதான் நம்பவில்லை.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்குது. ஊசில நூலு நீதான் கோத்துக் குடுக்கற. ஏனோதானோன்னு பார்த்திருப்ப. கெடைச்ச வேலையைத் தொலைச்சுப் போட்டு வந்துட்ட."

செல்போனில் வீடியோ காட்டினேன். படம் போட்டு விளக்கினேன். தலையாட்டுவார், நம்பமாட்டார். இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். வயர் நிறத்தை நம்ப முடியாததால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரையும் தொடமாட்டேன். அதைச் சொல்லியும் அம்மாவிடம் எடுபடவில்லை. வேலை போனது போகட்டும். நான் உள்ளதைத்தான் சொன்னேன் என்று அவர் ஒரு தடவை நம்பினால் போதும் என்றிருந்தது.

மாடித்தோட்டம் போட்டபோது சிவப்பு வைத்தால் மறுபடி அதே பரீட்சை. அதனால் நிறத்தை நம்பத் தேவையில்லாத ரகங்களாகத் தேடினேன். மாடித்தோட்டக் குரூப்பில் கேட்டால் விதையைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். கறுப்பில் உப்புப் போட்ட மாதிரி ஒரு ருசி. மஞ்சள் பல்பை வாயில் போட்டால் திராட்சை மாதிரி வெடிக்கும். கோடு போட்டதை வதக்கினால் வீண், அப்படியேதான் தின்ன வேண்டும்.

அதில் ஒரு ரகம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். வழக்கமான தலையாட்டல். பிறகு கம்பெனி வேலையாக இரண்டு வாரம் ஈரோட்டில் இருந்தேன், செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியது அவர்தான். அது சிவக்கும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது பழுத்து, விழுந்து, அழுகியது. இன்று காலை நான் மேலே போனபோது அந்தச் செடியின் அடித்தண்டில் அவர் கை.

"சீக்குப் புடிச்ச செடி கண்ணு. பழுக்காமயே அழுகுது. மத்ததுக்கும் ஒட்டிக்கும், புடுங்கிப் போட்டர்றேன்."

"அது பழுத்திருச்சுங்ம்மா."

"பச்சைப் பசேர்னு நிக்கறதைப் போயி பழம்ங்கற."

"அப்ப நீங்களே நல்ல பழமா ஒண்ணு பறிங்க பார்க்கலாம். அமுக்கக் கூடாது."

கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். கடைசியில் பெரிதாக ஒன்றைப் பறித்தார். அறுத்தால் கல்லு. நான் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தாங்கித் தூக்கிப் பார்த்தேன். பழுத்ததாக இருந்தால் காம்பிலுள்ள மூட்டில் தானாக விட்டுவிடும். ஒன்று விட்டது. அறுத்து உப்புத் தூவிக் கொடுத்தேன். சாறு முழங்கை வரை வழியத் தின்றார். மிச்சப் பாதியையும் வாங்கிக்கொண்டார். மறுபடி செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங் கண்ணு... அந்தக் கடையில நின்னப்ப உனக்கு எல்லாமே இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்ம்மா."

"அப்ப அந்த டாக்டரு சொன்னது நெசந்தானா."

நான் கத்தியைத் துடைத்து வைத்தேன்.

"சித்த வெளக்கமாச் சொல்லியிருக்கலாமல்ல."

"எத்தனை தடவைங்ம்மா சொல்லறது."

"சொன்ன, சொன்ன" என்றார். பிறகு ஒவ்வொரு தக்காளியாக அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று இரண்டே ரகம். தெருவே வந்து பார்த்துப் பார்த்து எடுத்துப் போனது, நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இன்று பதினொன்று. அம்மாவும் நானும் ஒரே மாதிரி தடவிக்கொண்டு நிற்கிறோம். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இருந்திருந்தால் கூடை நிறைய இந்தப் பச்சையைக் கொண்டுபோய் வைத்து அந்த அண்ணனை முழிக்க விட்டிருப்பேன்.

இனி செய்யப்போவது:

1. பச்சை ரகத்தில் இரண்டு பழம் விதைக்கு. கூழைப் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும்.

2. வெள்ளை இனி வேண்டாம். பார்வைக்கு மட்டும்தான், பைக்குக் கேடு.

3. அந்தப் பையில் சாதாரணச் சிவப்பு நாட்டுத் தக்காளி. பறிப்பது என் வேலை.

4. அடுத்த ஞாயிறு ரசத்துக்குத் தக்காளி வாங்க நான் போகிறேன். அம்மாவே போகச் சொல்லிவிட்டார். அமுக்கித்தான் எடுப்பேன்.