பாதியில் அணைந்த அடுப்பு

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்திலும் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலுமாக ஏழு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து காளான் வளர்த்தோம். மரத்தூள் கலவையைப் பைகளில் அடைத்து, ஏழு வீட்டுப் பைகளையும் ஒரே பீப்பாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஆறு மணித்தியாலம் அவிப்போம். அவிக்கும் வேலை ஆளுக்கு ஒரு தடவையாக முறை மாறி வரும்.

அந்தத் தடவை கிராமத்துக் குசுமா அக்கா கண்டுபிடித்த புதுக் கலவை; அவிக்கும் முறை எனக்கு. மழையில் விறகு நனைந்து, நெருப்பு அணைந்தது. பாதியிலேயே இறக்கிவிட்டு, முழுசாக அவித்ததாகச் சொன்னேன்.

இரண்டு கிழமையில் எல்லாப் பைகளிலும் பச்சைப் பூஞ்சணம். கூட்டத்தில் குசுமா அக்கா அழுதார். “என் கலவையாலதான் எல்லாம் போச்சு. பழைய மாதிரியே செய்யுங்க. நான் இனி வரல்ல.”

நான் என் பைகளைக் கொட்ட எழுந்து போய்விட்டேன்.

மூன்று நாள் வழக்கம்போல ரப்பர் பால் வெட்டப் போனேன். நான்காம் நாள் அவர் வாசலில் போய் நின்றேன்.

“அக்கா, நான்தான் அரைகுறையா அவிச்சேன். பொய் சொல்லிட்டேங்க.”

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் என் தோளை இறுகப் பிடித்தார்.

“அப்ப கலவையில பிழை இல்லையா, நங்கி?” தங்கச்சி என்றுதான் சிங்களத்தில் கூப்பிட்டார்.

மறுநாள் குழுவிலும் ஒப்புக்கொண்டேன். இன்றைக்கும் ஏழு வீட்டிலும் அந்தக் கலவைதான். என் முறையும் வருகிறது. எவ்வளவு நேரம் அவித்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.