இரண்டு விரலுக்கு ஒரு கிளச்

கெலிஓயாவில் ஸமீமின் மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு மோகனராஜ் வந்து சேர்ந்தபோது முழங்காலெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் அவன். பைக்கின் கிளச் லீவர் பாதியில் முறிந்து தொங்கியது. பிரேக் லீவர் வளைந்திருந்தது. மலைப்பாதையில் மாடு குறுக்கே வந்ததாம், அதனால் விழுந்தானாம். நல்லவேளை, அந்த மாட்டைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்க முடியாது.

மாடாவது, ஒன்றாவது! ஏற்றத்தில் கிளச்சை முழுதாக இழுக்க முடியாமல் எஞ்சின் நின்று, வண்டி பின்னால் வழுக்கி அவனையும் சாய்த்துப்போட்டது. அது அவனுக்கு மட்டும் தெரியும்.

கால்நடை அலுவலகத்தில் வெளிக்கள உதவியாளனாக அவனுக்கு இது பதினெட்டாவது வருஷம். வேன் ஏறாத தோட்டங்களுக்கு, மண் பாதைக்கென்றே செய்த அந்த உயரமான பைக்கில் போய், தொழிலாளர் லயங்களில் கட்டியிருக்கும் மாடுகளுக்கு ஊசி போடுவான். மழைநாளில் அவன் மேலே ஏறுவதைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! வாழ்க்கையில் அவன் வேண்டுமென்று கேட்டு வாங்கியது இந்த வேலை ஒன்றைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடாரி மிரண்டு ஓடியது. அதன் கயிறு அவன் இடக்கையில் சுற்றி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் முறித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கடுதாசி தருவார்கள், கடுதாசி வந்தால் கோப்பில் ஏறும் என்று பயந்து, தானே துணி சுற்றிக்கொண்டான். முட்டாள்தனம்தான், வேறு என்ன சொல்ல? எலும்பு கூடியது. விரல்கள் மடங்கவில்லை.

மறைப்பது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. நம் ஆட்களிடம் இடக்கையை யார் நீட்டச் சொல்கிறார்கள்? கொடுப்பது வலக்கை, வாங்குவது வலக்கை, சாப்பிடுவதும் வலக்கை. இடக்கை பாட்டுக்குக் காற்சட்டைப் பையில் கிடக்கலாம். ஒன்றுதான் இடித்தது. மரியாதைக்குரியவர்கள் தந்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அதை அவன் விட்டுவிட்டான். "மோகனுக்குத் தலைக்கனம் வந்திருச்சு" என்று பேசினார்கள். மனசு வலித்தது. ஆனாலும் பேசட்டும் என்று இருந்தான்.

இன்று சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. வெளிக்கள ஊழியர்கள் வருஷா வருஷம் நிரப்புவது. 'இரு கைகளும் முழுமையாக இயங்குகின்றனவா?' என்று அதில் ஒரு கேள்வி. போன இரண்டு தடவையும் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்தாயிற்று. 'இல்லை' என்று எழுதினால் குண்டசாலை அலுவலகத்தில் உட்கார ஒரு கதிரையும் பதிவேடும் காத்திருக்கும். பைக் வேறொருவன் கைக்குப் போய்விடும். பின்னேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

பிரேக் லீவரை அவன் இரண்டு நிமிஷத்தில் தெரிந்தெடுத்துவிட்டான். கிளச்சுக்கு ஸமீம் நாலு வகையை மேசையில் பரப்பினார். பழையதைப் போலவே நீளமானது ஒன்று, விலை குறைந்த வார்ப்பு ஒன்று, விழுந்தால் முறியாமல் மடங்கிக்கொள்வது ஒன்று, பந்தயக்காரர்கள் போடும் கட்டை லீவர் ஒன்று. மோகனராஜின் கண் கட்டையிலேயே நின்றது. அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் ஸமீமிடம் வாய் வேறு சொன்னது.

"கட்டையெல்லாம் ஸ்டைலுக்குப் போடுறதுங்க நானா. பழசு மாதிரியே நீளமா குடுங்க."

ஸமீம் கொடுத்தார். மோகனராஜ் அதை வலக்கையால் வாங்கி, வலக்கையாலேயே மடக்கி இழுப்பதுபோல் பார்த்து, "தோதா இருக்கு" என்றான்.

"கிளச் எந்தக் கைக்கு மோகன்?" என்று கேட்டார் ஸமீம்.

கிளச் இடக்கைக்குத்தான். மோகனராஜ் லீவரை மேசையில் திருப்பி வைத்தான்.

ஸமீம் முறிந்த லீவரைக் கழற்றித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். லீவர் திரும்பும் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. மீதி நீளத்தில் பூச்சு புதுசு போலவே இருந்தது.

"ரெண்டு வெரலாலதான் இழுத்தீக்கிறீங்க. அதுவும் ஆகக் கஷ்டமான எடத்துல. மத்த ரெண்டும் லீவருக்கும் ஹேண்டில் பிடிக்கும் நடுவுல நசுங்குமே. வலிக்கல்லயா?"

இரண்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கேட்க அவன் விட்டதுமில்லை. ஒவ்வொரு கியருக்கும் வலித்தது.

"வலிக்குதுங்க நானா. ரொம்ப வலிக்குது."

"எடக் கைய நீட்டுங்க."

"எடக்கையில எப்படிங்க வாங்குறது?"

"நான்தானே தாறேன். குத்தம்னா எனக்கே வரட்டும், நீட்டுங்க."

பையிலிருந்து கை மெல்ல வெளியே வந்தது. ஸமீம் கட்டை லீவரை அதில் வைத்தார். இரண்டு விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன, இரண்டு விறைத்து நின்றன. ஸமீம் 'அய்யோ' என்று சொல்லவில்லை. அதற்காகவே மோகனராஜுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"இதுல கேபிள் மாட்டுற ஓட்டை அச்சுக்குக் கிட்ட ஈக்கி. இழுவை லேசு. ஆனா கேபிள் கொஞ்சந்தான் நகரும், தளர்வு வைக்கேலாது. நீளமும் குறைவு, மத்த வெரலை நசுக்காது. ஸ்டைலுக்கில்ல, ஒங்களுக்குத்தான்."

புதுக் கேபிளும் போட்டார். கடைக்குப் பின்னால் செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. முதல் தடவை கிளச் முழுதாக விடுபடாமல் எஞ்சின் நின்றது. ஸமீம் கேபிள் திருகை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். இரண்டாம் தடவை வண்டி நடுவழியில் நின்று, கிளம்பி, உச்சிக்குப் போனது. விறைத்த விரல்கள் நசுங்காமல் பிடியின் மேல் கிடந்தன. மேலே எஞ்சினை நிறுத்திவிட்டு மோகனராஜ் கொஞ்ச நேரம் அழுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அவன். கேட்டிருந்தால் இந்த லீவர் அன்றைக்கே கிடைத்திருக்கும். கேட்க வேண்டுமானால் கையைக் காட்டியிருக்க வேண்டும். அங்கேயே படிவத்தை பைக்கின் எண்ணெய்த் தாங்கியின் மேல் விரித்து எழுதினான்: 'இல்லை. இடக்கையில் இரண்டு விரல் மடங்காது. கட்டைக் கிளச் போட்டிருக்கிறேன். ஏற்றம் ஏறுகிறேன்.'

அலுவலகத்தில் டொக்டர் நிலூஷா அதை இரண்டு தடவை வாசித்தாள். அவனைவிடப் பதினைந்து வயது இளையவள், அவனுக்கு மேலதிகாரி.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா மிஸ். பொய் எழுதிக் குடுத்துட்டேன்."

"ஆஸ்பத்திரியில காட்டிக் கடுதாசி கொண்டு வாங்க. அதுல என்ன இருக்கோ அதுதான் முடிவு. நான் ஒண்ணும் வாக்குக் குடுக்க முடியாது, மோகன் அண்ணே."

"தெரியும் மிஸ்."

அவள் ஜன்னல் வழியே பைக்கைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "அங்கம்மா வீட்டு மாடு ஊசிக்காக மேல லயத்துல காத்துக்கிட்டு நிக்குது. நான் வேன்ல வந்து ஏத்தத்துக்கு அடியில நிக்கிறேன். நீங்க ஏறுங்க, பார்க்கிறேன்."

மருந்து வைத்த ஐஸ் பெட்டியை எடுத்து நீட்டினாள். மோகனராஜ் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான்.