கடலைக்கொல்லையில் இறங்கிய விமானம்

யுத்தகாலம். செஞ்சியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வரப்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மலைக்கோட்டைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த பயிற்சி விமானத்தின் சத்தம் திடீரென்று நின்றது. இரட்டை இறக்கை வைத்த அந்தச் சின்ன விமானம் பனைமரங்களை உரசுவதுபோலத் தாழ்ந்து வந்து, ஒரு கடலைக்கொல்லையில் இறங்கி ஓடி, வரப்பில் இடித்து மூக்குக் குத்தி நின்றது.

ஓடினேன். ஓடும்போதே மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டேன். எதற்கும் வரிசை போடுவது என் பழக்கம். முதலில் நெருப்பு, அப்புறம் ரத்தம், அப்புறம் எலும்பு.

விமானத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். விமானம் ஓட்டப் பழகும் பயிற்சிக்காரர், என் வயதுதான் இருக்கும். நெற்றியில் சிராய்ப்பு. நினைவு இருந்தது. "கால் இருக்கற மாதிரியே தெரியலங்க" என்றார். கால்கள் இரண்டும் இருந்தன. முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அவரை வளைக்காமல் எடுக்க வேண்டும். மேல் இறக்கையிலிருந்து பெட்ரோல் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

கொல்லைக்கார அம்மாள், "எங் கொடியெல்லாம் போச்சே, எந்தப் பாவி அவன்?" என்று கத்திக்கொண்டே வந்தார். பயிற்சிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. திரும்பி வீட்டுக்கு ஓடினார். வந்தபோது கையில் வெற்றிலையும், அதன்மேல் கட்டிச் சூடமும், தீப்பெட்டியும் இருந்தன.

"அக்கா, கிழிக்காதீங்க!"

"இன்னாம்மா நீ? சாவு வரைக்கும் போய் வந்த புள்ள. சூடம் சுத்தாம எடத்த உட்டு எடுக்கலாமா? நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?"

"மேல ஒழுவுறது தண்ணியில்லக்கா, பெட்ரோல். மண்ணெண்ணெயவிட வேகமாப் புடிக்கும். இவரு உடுப்ப மாத்திட்டு நானே உங்களக் கூப்புடறன். அப்ப சுத்துங்க."

"கூப்புடுவியா?"

"சத்தியமா."

சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த நொடி, பின்னால் வந்த தன் புருஷனின் காதில் செருகியிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தார். "பெட்ரோலுங்கறாங்க, பீடியோட வந்து நிக்கிறியே!"

"நான் எங்கடி பத்த வச்சன்?"

புருஷனிடம் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். "கதவ எடுத்துட்டா நாயி உள்ள பூந்துடுமே" என்று முணுமுணுத்துக்கொண்டே தோளில் தூக்கி வந்தார். கழுத்தும் முதுகும் அசையாதபடி பயிற்சிக்காரரை அதன்மேல் கிடத்தி, வேட்டியால் கட்டி, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் உடுப்பை மாற்றி, உடம்பைத் துடைத்தோம். டாக்டர் ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். பயிற்சிக்காரருக்குக் குத்தியது தெரியவில்லை. "அதிர்ச்சியா இருந்தா உணர்ச்சி திரும்பிடும். முறிஞ்சிருந்தா நடக்க முடியாது. காத்திருக்கணும்" என்றார். பயிற்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னபடி அந்த அம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் புருஷனுடன் வந்தார். சூடத்தை ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் தட்டைச் சுற்றினார். கையை அகலமாக வீசித்தான் சுற்றினார். மூன்றாவது சுற்றில் தட்டு பாதத்தின் அருகே தாழ்ந்தது. பயிற்சிக்காரரின் கட்டைவிரல் வெடுக்கென்று உள்ளே மடங்கியது.

"சுடுது" என்றார். சொல்லிவிட்டு, தானே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"சூடம் சுடாம குளுருமா?" என்றார் அந்த அம்மாள்.

நான் வரிசையெல்லாம் மறந்து, "அக்கா, இன்னொரு வாட்டி சுத்துங்க" என்றேன். சுற்றினார். இம்முறை இரண்டு பாதங்களும் விலகின. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

வாசலில் அந்த அம்மாளின் புருஷன் மறித்தார். "நர்ஸம்மா, எங் கதவு எப்ப வரும்?"

"அவரே நடந்து வந்து குடுப்பாரு" என்றேன்.