ஒய்பி வைத்த பெயர்

பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம். கார் நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிடுகிறார். அரசியலை விட்டுவிட்டு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைகிறார். இன்று இது நான்காவது. கூடச் சுற்றுகிற எனக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதால் ஜனங்களுக்கு இன்னும் அவர் ‘ஒய்பி’தான்.

லயத்து வாசலில் ஒரு பெண் மாலையோடு நிற்கிறாள், பக்கத்தில் அவள் மகள்.

“மாலை வேணாம்மா. பிள்ளைக்கு என்ன வயசு?”

“எட்டு, ஒய்பி. பொறப்பு சூராட் இல்லேன்னு ஸ்கூல்ல திருப்பி அனுப்பிட்டாங்க.”

“பொறந்தப்பவே ஏன் பதியல?” எரிச்சலை அவரால் மறைக்க முடியவில்லை.

“நீங்கதானே ஒய்பி பேரு வச்சீங்க! கோயில் மேடையில தூக்கி வச்சிக்கிட்டு மைக்ல சொன்னீங்க. உங்க ஆளு நோட்டுல எழுதிக்கிட்டாரு. கவர்மெண்டே எழுதிருச்சு, இனி எதுக்கு ஆபிஸ் போகணும்னு இருந்துட்டோம்லா.”

அவர் பதிவுப் பாரத்தைக் கார் பானெட்டில் விரித்துப் பேனாவைத் திறக்கிறார். முதல் கட்டம், பிள்ளையின் பெயர். காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்காத மனிதர் அசையாமல் நிற்கிறார்.

தாய் பெயரைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று சிரித்தபடி காத்திருக்கிறாள்.